சில்லா வெயிலில் சபான்

எஷ்முரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பாய்சுனில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் பதினெட்டு வருடமாகக் கரி தள்ளுகிறார். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அந்த வேலை. மற்ற மாதங்களில் அதே பள்ளிக்குக் காவல். நான் அங்கே கணக்கு வாத்தியார். குளிர்காலத்தில் இடைவேளையில் கை காய்ச்சிக்கொள்ள அவர் அறைக்குப் போவேன். இதில் பெரும்பகுதி அவர் அங்கே வைத்துத் துண்டு துண்டாகச் சொன்னது.

சபான் இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பஞ்சு வைத்துத் தைத்தது, முழங்காலுக்குக் கீழே இறங்குவது, பச்சையும் நீலமும் கோடு போட்ட மேலங்கி. அதன் மேல் இடுப்பில் முக்கோணமாக மடித்துக் கட்டிய துண்டு. தலையில் கறுப்புத் தொப்பி. ஜூலையிலும் இதே உடுப்புதான்.

“வெயில் பஞ்சைத் தாண்டி உள்ள வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும் வாத்தியாரே” என்பார்.

துண்டு கட்டாமல் வெளியே போவது அவருக்குப் பாதி உடுத்திக்கொண்டு போவது மாதிரி. சாவி, கத்தி, மூக்குப்பொடி டப்பா, பாதி ரொட்டி எல்லாம் அந்தத் துண்டின் மடிப்புக்குள்தான் இருக்கும்.

ஒரே ஒரு முறை வேறு உடையில் போயிருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி மெங்லி தாஷ்கந்தில் வீடு வாங்கிக் குடி போனபோது. நகரத்துப் பெண்டாட்டி, நகரத்து வீடு என்று யாரோ சொல்லிக்கொடுத்து, கம்பளிக் கோட்டும் கால்சட்டையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனார். அதுவும் ஜூலைதான். விருந்தில் வியர்வை முழங்கை வழியாகச் சோற்றில் சொட்டியது. கோட்டைக் கழற்றலாம் என்றால் உள்ளே சட்டையின் முதுகு கிழிசல். கழற்றாமலே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தாஷ்கந்துக்குப் போகவில்லை. மெங்லிதான் வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து போனான்.

போன வருடம் ஜூலை முதல் வாரம் மெங்லியின் மனைவி சனோபர் தொலைபேசியில் கூப்பிட்டாள். மெங்லிக்கு இதயத்தில் வால்வு ஒன்று கெட்டுவிட்டது, வியாழக்கிழமை காலை அறுவை, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்றாள்.

எஷ்முரத் முதலில் கேட்டது: “கெலின், அவன் கடிச்சு வச்சுட்டுப் போனானா?”

தம்பி மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் எங்களுக்குக் கெலின்.

“எதை அண்ணா?”

“ரொட்டிய.”

அப்படி எதுவும் செய்யவில்லை என்றாள். எங்கள் பக்கம் தூரம் போகிறவன் புறப்படும்போது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். திரும்பி வந்து அவனேதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். மெங்லி பட்டாளத்துக்குப் போனபோது கடித்த ரொட்டி எஷ்முரத்தின் வீட்டுச் சுவரில் இரண்டு வருடம் தொங்கியது. வந்ததும் தேநீரில் ஊறவைத்துக் கல்லைக் கடிப்பதுபோல் கடித்துத் தின்றான். இந்த முறை கடிக்காமலே போயிருக்கிறான்.

“நான் வர்றேன். புதன்கிழமை வந்துடுவேன்.”

“வாங்கண்ணா. ஆனா ஒண்ணு. இங்க நாப்பத்தி மூணு டிகிரி. லேசா பருத்திச் சட்டை போட்டுக்குங்க, அரைக்கை. கால்ல செருப்பு போதும். தயவுசெஞ்சு அந்தச் சபானோட வந்துடாதீங்க.”

அவர் சரி என்றார். ஃபோனை வைத்துவிட்டு மனைவி ரைஹானிடம், “என்னைப் பாத்தா அவளுக்கு வெக்கம்” என்றார்.

“உங்களைப் பாத்தா எனக்கே வெக்கந்தான், பழகிட்டேன்” என்றாள் ரைஹான். “சொன்னபடி போட்டுட்டுப் போங்களேன். வெள்ளைச் சட்டை ஒண்ணு பெட்டியில இருக்குல்ல.”

“உடம்பு சரியில்லாதவனைப் பாக்க உள்சட்டையோட போகச் சொல்றியா?”

“அது உள்சட்டை இல்ல, சட்டை.”

“சபானுக்கு உள்ள போட்டா உள்சட்டைதான்.”

ரைஹான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாக ஒரு ரொட்டி சுட்டாள். நடுவில் எள் தூவி, ஓரம் தடித்தது. புதன்கிழமை விடிவதற்கு முன் எஷ்முரத் அதைத் துணியில் சுற்றி இடுப்புத் துண்டின் மடிப்பில் செருகிக்கொண்டு வண்டி ஏறினார். வெள்ளைச் சட்டை உள்ளே இருந்தது. மேலே சபான்.

வண்டியில் நான்கு பேர். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.

“பெரியவரே, சில்லா வெயில் தொடங்கிப் பதினஞ்சு நாள் ஆச்சு. நாப்பது நாள் முடிஞ்சதும் கழட்டிடுவீங்களா?”

“பாதையப் பாத்து ஓட்டு.”

“இல்ல, ரெண்டு பேர் எடத்தை அடைச்சிருக்கீங்க. சபானுக்குத் தனி டிக்கெட்டு.”

“அதுக்கு மூணு வயசுதான் ஆகுது. மடியில உக்காந்துக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் சொன்ன கடைசி வேடிக்கை அது.

தாஷ்கந்தில் மெங்லியின் கட்டிட வாசலில் இறங்கும்போது மணி இரண்டு. நான்கு மாடி, ஒரு பொது வாசல். மூன்றாம் மாடியில் வீடு பூட்டியிருந்தது. சனோபர் ஆஸ்பத்திரியில். பிள்ளைகள் அவள் தாய் வீட்டில். நான்கு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். எஷ்முரத் கீழே வந்து வாசலுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றார். பெஞ்சு இருந்தது. அதில் இரண்டு பெண்கள் விதை கொறித்துக்கொண்டிருந்ததால் உட்காரவில்லை. பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த கால் நிற்பதைத்தான் விரும்பியது. அறிமுகமில்லாத ஆட்கள் முன்னால் என்பதால் இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றார்.

எங்கள் ஊரில் அப்படி ஒருவர் நின்றால், நிற்கிறார் என்று அர்த்தம். தாஷ்கந்தில் சபானும் தொப்பியும் போட்டு, இடுப்பில் துண்டு கட்டி, வாசலில் கை கட்டி நிற்பது சாவு வீட்டு ஆண்கள் மட்டும். மற்ற நாளில் அங்கே யாரும் அதை உடுத்துவதில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் விதை கொறிப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி எழுந்து உள்ளே போனாள்.

சிறிது நேரத்தில் எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். எஷ்முரத்தின் முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். பெரியவர் ஒருவர் கையை விரித்தால் நாமும் விரிக்க வேண்டும். எஷ்முரத் விரித்தார். கிழவர் உதட்டுக்குள் ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார். எஷ்முரத்தும் தடவிக்கொண்டார். பயணம் வந்தவனுக்கு நகரத்திலும் துவா செய்கிறார்களே என்று அவருக்கு ஆறுதலாக இருந்ததாம். கிழவர் அவர் தோளை அழுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பிறகு இன்னொருவர். பிறகு இரண்டு பேர். ஒருவர் வாசலை அடைத்து நின்ற தன் காரை எடுத்துத் தள்ளி நிறுத்தினார். இன்னொருவர் வீட்டுக்குள்ளிருந்து நீளமான ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். எதற்கு இத்தனை பேர் என்று எஷ்முரத்துக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம்.

அப்போது மாடியிலிருந்து ஹாஜர் இறங்கி வந்தாள். மெங்லியின் வீட்டுக்கு எதிர் வீடு, அறுபது வயதுக்காரி, மகன்போல அவனை நினைத்தவள். கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ மெங்லி! ரெண்டு பிஞ்சுகளையும் விட்டுட்டுப் போயிட்டியேப்பா! நேத்துகூட ஃபோன்ல பேசினியே, பூச்செடிக்குத் தண்ணி ஊத்துங்க ஹாஜர்க்கான்னு சொன்னியே!”

தான் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது நடந்திருக்கிறது, இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. அப்படித்தான் எஷ்முரத் நினைத்தார். கிழவர் துவா செய்ததும் பெஞ்சு வந்ததும் இதற்குத்தான். அவர் வாயைத் திறந்து கத்தினார். “என் தம்பீ!” வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவர் கத்தியதில்லை. தாய் தகப்பன் போனபோதுகூட. தம்பி, என் தம்பி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களும் அழத் தொடங்கினார்கள்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. ஹாஜரின் தொலைபேசி அடித்தது. சனோபர்தான். யாரோ ஒருத்தி அவளைக் கூப்பிட்டு, பொறுமையைக் கொடுக்கட்டும் கடவுள் என்று சொல்லியிருக்கிறாள். சனோபர் அப்போது ஆஸ்பத்திரிக் கடையில் தண்ணீர்ப் புட்டி வாங்கிக்கொண்டு நின்றவள். புட்டியைப் போட்டுவிட்டு மாடி ஏறி ஓடியிருக்கிறாள். மெங்லி கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துப் படுக்கைக்காரனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாய் என்று கேட்டான்.

ஹாஜர் கண்ணைத் துடைக்காமல் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள்.

“உசிரோட இருக்கானாம்.”

பெஞ்சைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கிழவர் எஷ்முரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்புறம் எதுக்கய்யா இந்தக் கோலத்துல நின்னீரு?”

“நான் எப்பவும் இப்படித்தான் நிப்பேன்” என்றார் எஷ்முரத்.

நான்கு மணிக்குச் சனோபர் வந்தாள். படியேறிக் கதவைத் திறந்தாள். உள்ளே போய் விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே நின்றாள்.

“நான் என்ன சொன்னேன் அண்ணா?”

“சொன்னே.”

“அரைக்கைச் சட்டைன்னு சொன்னேன். வெக்கப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சீங்களா? இந்தக் கட்டிடத்துல சபான் போட்டு வாசல்ல நிக்கிற ஆளை நான் குடி வந்து நாலு தடவை பாத்திருக்கேன். நாலு தடவையும் பொணம் போச்சு.”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

அவள் அழுது முடிக்கும்வரை எஷ்முரத் தரை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்படி உங்களை அங்க கூட்டிட்டுப் போக முடியாது. ஜன்னல் வழியா பாத்தார்னாகூட அவருக்குப் புரிஞ்சிடும். அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும்தான் விடுவாங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கொண்டுபோயிடுவாங்க. கழட்டுங்க.”

சபானைக் கழற்றினார். உள்ளே இருந்த வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து, மஞ்சளாகி, தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு தாண்டி வெயில் வந்துவிட்டது. சனோபர் அலமாரியிலிருந்து மெங்லியின் அரைக்கைச் சட்டையும் மெல்லிய கால்சட்டையும் எடுத்துக் கொடுத்தாள். சட்டை இளநீலம், சின்னக் கட்டம். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. தொப்பியையும் எடுக்கச் சொன்னாள். நெற்றியில் தொப்பி மூடிய இடம் வரைக்கும் கறுப்பு, அதற்கு மேலே வெளுப்பு. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு நோயாளி மாதிரி இருந்ததாம்.

சபானையும் துண்டையும் அவள் சுருட்டிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். வாடகைக் கார் கீழே ஹாரன் அடித்தது. ஓடினார்கள்.

பாதி வழியில் அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட் போட்ட கால்சட்டைதான் இருந்தது.

“வண்டிய நிறுத்தச் சொல்லு கெலின். ரொட்டி.”

“என்ன ரொட்டி?”

“துண்டுக்குள்ள இருக்கு.”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே கால். முன்னால் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. “திரும்பிப் போனா இன்னிக்குப் பாக்கவே முடியாதுண்ணா. ரொட்டியா, அவரா?”

ரொட்டிக்காகத்தான் வந்தேன் என்று சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவி கூடையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். சனோபர் கையைப் பிடித்து இழுத்தாள். கடையில் வாங்கிய ரொட்டி அதற்கு ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டு அடுப்பில் சுட்டதாக இருக்க வேண்டும், திரும்பி வந்து சேர வேண்டிய வீட்டில்.

மெங்லி மெலிந்திருந்தான். அண்ணனைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு அவன் கண் சட்டையில் நின்றது.

“அண்ணே, இது என் சட்டை இல்ல?”

“ஆமா.”

“நான் இன்னும் இங்கதான உக்காந்திருக்கேன். அதுக்குள்ள துணியப் பங்கு பிரிச்சாச்சா?”

அறையில் இருந்த மற்ற மூன்று நோயாளிகளும் சிரித்தார்கள். சதுரங்கக்காரன் இருமினான். சனோபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஷ்முரத் சட்டையின் கைமடிப்பை இழுத்துவிட்டார். அது முழங்கைக்கு மேலேயே நின்றது.

“வெயிலா இருக்குன்னு கெலின் குடுத்தா.”

“நல்லாத்தான் இருக்கு. உன் முழங்கைய நான் இப்பதான் பாக்குறேன். எங்க சபான்? கழுதை தின்னுடுச்சா?”

“வீட்ல இருக்கு. ரொட்டியும் அதுலயே இருக்கு. உன் அண்ணி தனியா சுட்டா. உன்னைக் கடிக்க வச்சு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். விட்டுட்டு வந்துட்டேன்டா.”

மெங்லி அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தான். அழுத கண் என்பது தெரிந்திருக்கும். எதற்கு என்று கேட்கவில்லை.

“அதுக்கென்ன. நாளைக்கு மறுநாள் கண் முழிச்சதும் கொண்டா. முழுசாத் தின்னுடறேன்.”

“முன்னாடி கடிக்கணும்டா.”

“தெரியும் அண்ணே.”

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். மெங்லி அவர் கையைப் பிடித்து, வாயருகே கொண்டுபோய், கட்டை விரலின் கீழே சதையைச் சின்னப் பிள்ளை மாதிரி கடித்தான். வலிக்கவில்லை.

“இதை ஆணியில மாட்டிக்க” என்றான்.

காலையில் ஏழு மணிக்கு அவனைக் கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு மருத்துவர் வந்து, இதயம் மறுபடி ஓடத் தொடங்கவில்லை என்றார்.

சனோபர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் காகிதங்களுக்காக அலைந்தார். எஷ்முரத் அதே கட்டம் போட்ட சட்டையில் சுவரோரம் நின்றார். வெகு நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தி, சாவியை நீட்டினாள்.

“நீங்க முன்னாடி போங்கண்ணா. வீட்டைத் திறந்து வைங்க. வாசல்ல நிக்க வேற யாரும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “சபான் போட்டுக்குங்க.”

குளியலறைக் கதவுக்குப் பின்னால் அது சுருட்டியபடி இருந்தது. உள்ளே இன்னும் ஈரம். போட்டுக்கொண்டார். தொப்பி. துண்டைச் சுற்றிக் கட்டும்போது மடிப்பில் ரொட்டி கையில் பட்டது. துணியைப் பிரித்துப் பார்த்தார். ஓரம் காய்ந்திருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரையில் வைக்கக் கூடாது, இன்னொருவர் தின்னவும் கொடுக்க முடியாது. மறுபடி சுற்றி அதே இடத்தில் செருகிக்கொண்டு இறங்கினார்.

முந்தைய நாள் நின்ற அதே இடத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். மணி ஒன்று.

பெஞ்சில் அதே பெண்கள். ஒருத்தி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்துக் கிழவர் ஜன்னலுக்கு வந்தார், பார்த்தார், திரையை இழுத்தார். கார்க்காரர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு மேலே போனார். மூன்றாம் மாடியில் ஹாஜர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். ஊர்க்கார அண்ணன் எப்போதும் அப்படித்தான் நிற்பார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

அவர் கத்த வேண்டும். அண்ணன் கத்தினால்தான் தெரு வரும். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நேற்றே அது செலவாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். வியர்வை தொப்பிக்குக் கீழிருந்து இறங்கிக் கழுத்தில் போயிற்று.

பெஞ்சு கொண்டுவந்து போட்டவர் ஒரு பெரிய தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் நின்றார்.

“என்ன அண்ணே, இன்னிக்கும் இந்தச் சபான்தானா? கெலின் திட்டலையா? தம்பி எப்படி இருக்கார்?”

எஷ்முரத் தன் கட்டை விரலுக்குக் கீழே பார்த்தார். அங்கே அடையாளம் எதுவும் இல்லை. பிறகு உள்ளங்கை இரண்டையும் விரித்து அவர் முன்னால் நீட்டினார். அந்த மனிதருக்குப் புரியவில்லை. தர்பூசணியை வைத்துக்கொண்டு கையை விரிக்க முடியாமல் நின்றார்.

“என்ன அண்ணே?”

“போயிட்டான்” என்றார் எஷ்முரத்.

வந்தவர் பழத்தைக் கீழே வைக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவை நிஜமாவா?”